கிளினிக்கல் போஸ்டிங் பயம்: வார்டுக்குப் போகும் நர்சிங் மாணவர்களுக்கு முழு வழிகாட்டி

ட்ரீட்மென்ட் ரூம் வாசலில் ஊசி டிரேயோடு நிற்கும் பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். டிரேயில் இருக்கும் ஸ்பிரிட் பஞ்சு காய்ந்துபோயிருக்கும். வந்து நின்று கால் மணி நேரம் ஆகியிருக்கும். "ஏம்மா நிக்கிற?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மேடம், போறேன்" என்பாள். போகமாட்டாள்.

கிளினிக்கல் போஸ்டிங் என்கிற வார்டுப் பயிற்சிக்காக டெல்டா மாவட்டங்களின் மருத்துவமனைகளுக்கு மாணவர்களை அழைத்துப் போகிற வேலையில் இருப்பதால், இதை ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கிறேன். பயம் எல்லோருக்கும் உண்டு. அதில் மாட்டிக்கொள்கிறவர்கள், கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யப் பார்க்கிறவர்கள். ஊசி போடுவதுதான் நர்சிங் என்று நினைத்து முதல் நாளே அதை நினைத்து நடுங்குகிறார்கள். பி.எஸ்சி., டிப்ளமோ, ஏ.என்.எம். எதுவானாலும் கீழே சொல்லும் வரிசையில் போனால் ஊசி வரும்போது அது எட்டாவது வேலையாக வரும்.

1. எதைக் கண்டு பயம் என்று பிரித்துப் பாருங்கள்

"கிளினிக்கல்னாலே பயம் மேடம்" என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தாளை எடுத்து, வார்டை நினைத்தவுடன் வயிற்றைப் பிசைகிற காட்சி எது என்று எழுதுங்கள். "பிபி பார்க்கும்போது சத்தம் கேட்காது", "மேடம் எல்லார் முன்னாடியும் கேள்வி கேட்பாங்க", "ரத்தம் பார்த்தா தலை சுத்தும்", "என்னால யாருக்காவது ஏதாவது ஆயிடும்" என்று ஒவ்வொன்றாக வரும்.

இவற்றுக்கு ஒரே வைத்தியம் கிடையாது. முதலாவதற்குப் பயிற்சி, இரண்டாவதற்குத் தயாராக வைத்திருக்கும் ஒரு பதில், மூன்றாவதற்கு உடம்பைப் பழக்குவது, நான்காவதற்குச் சரிபார்க்கும் வழக்கம். பிரிக்காமல் மொத்தமாகப் பயந்தால், மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு பிபி கேட்கவில்லையே என்று அழுகிற கதையாகிவிடும்.

2. போஸ்டிங்குக்கு முந்தைய வாரம்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். 3 டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. கடைசி நேரத்தில் தேடினால் முடிக்க முடியாது. இது போட்டிருந்தாலே ஊசி குத்திவிடுமோ என்ற பயத்தில் ஒரு பங்கு குறையும்.

சீனியர் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அக்கா, அந்த வார்டுல காலையில தினமும் செய்யிற வேலை என்னென்ன?" எப்படி இருக்கும், மேடம் எப்படி என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பேய்க்கதைதான் வரும். தினசரி வேலைகள் ஐந்தாறுதான் இருக்கும். அவற்றை மட்டும் ஸ்கில் லேபில் (கல்லூரியின் பயிற்சி அறையில்) திரும்பச் செய்து பாருங்கள். கையில் பொருள் இல்லாவிட்டால் வாயால் சொல்லிக்கொண்டே செய்வதும் உதவும். டிரேயில் என்ன வைப்பது, எந்த வரிசையில் எடுப்பது என்று வாய் சொல்லப் பழகியிருந்தால், பதற்றத்தில் மூளை வெறிச்சோடிப்போனாலும் கை தொடரும்.

இரண்டு கணக்குகளை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிப் கணக்கு: 500 மில்லி பாட்டில், 4 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. செட்டின் உறையிலேயே சொட்டுக் கணக்கு அச்சாகியிருக்கும். மைக்ரோ டிரிப் என்றால் மில்லிக்கு 60. உறையைப் படிக்காமல் கிழித்துப் போடாதீர்கள். இதில் நானே மாட்டிய கதை பின்னால் வருகிறது.

இன்சுலின்: 40 யூனிட் குப்பிக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். மூடியின் நிறத்தைப் பார்த்துவிட்டு, குப்பி லேபிளையும் சிரிஞ்சில் அச்சாகியிருக்கும் எண்ணையும் படித்துவிடுங்கள்.

3. முந்தின இரவும் காலையும்

இரவில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். புதிதாக ஒன்றும் ஏறாது, தெரியாதது எவ்வளவு என்பதுதான் கண்ணில் படும். யூனிஃபார்ம் இஸ்திரி, ஷூ, வினாடி முள் உள்ள வாட்ச், இரண்டு பேனா, சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, கத்தரி, டார்ச், ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாசலருகில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் பேனா தேடுகிற பதற்றம் வார்டு வரை கூடவே வரும்.

வீட்டிலிருந்து போய்வருகிறவர்கள் ஒரு பஸ் முன்னாலேயே பிடியுங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்று மன்னார்குடிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹேண்டிங் ஓவர் (முந்தைய டியூட்டிக்காரர்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது) முடிந்தபின் மூச்சுவாங்க நுழைந்தால் எந்தப் படுக்கையில் யார், என்ன நோய் என்று எதுவும் தெரியாது. அன்று முழுக்க ஊகத்தில்தான் ஓட வேண்டும்.

சாப்பிட்டுப் போங்கள். வார்டில் மயங்கி விழுகிற மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது "காலைல என்ன சாப்பிட்ட?" என்பதுதான். பாதிப் பேர் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும். கும்பகோணத்துக்காரர்களிடம் டிகிரி காபியைக் குறை என்று சொல்வது பாவம்தான், ஆனாலும் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். படபடப்பும் கை நடுக்கமும் ஏற்கெனவே இருக்கும்போது காபி அதற்கு எண்ணெய் ஊற்றும்.

4. வார்டுக்குள் முதல் பத்து நிமிடம்

முதலில் வார்டு சிஸ்டரிடம் போய் நில்லுங்கள். "குட் மார்னிங் சிஸ்டர், செகண்ட் இயர் ஸ்டூடண்ட், இன்னைக்கு இந்த வார்டு. எந்த பெட் பார்க்கட்டும்?" இவ்வளவு போதும். சுவரோடு ஒட்டி ஐந்து பேராக நின்றால் யாரும் வேலை தரமாட்டார்கள். வேலை இல்லாமல் நிற்கும் நேரத்தில்தான் பயம் வளர்கிறது.

அடுத்து வார்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எமர்ஜென்சி டிராலி எங்கே, ஆக்சிஜன் எங்கே, சக்‌ஷன் வேலை செய்கிறதா, கை கழுவும் இடம் எது, கழிவுத் தொட்டிகள் எங்கே என்று நோட்டில் சின்ன வரைபடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். "ஓடு, ஆம்பு பேக் எடுத்துட்டு வா" என்று யாராவது கத்தும்போது, மூச்சுக் கொடுக்கும் அந்தக் கைப்பை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிற்பதுதான் மாணவர்கள் மறக்கவே முடியாத அவமானம். நோய் பற்றித் தெரியாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தொட்டி நிறங்களையும் அப்போதே பாருங்கள். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள், ஐவி செட்டும் கையுறையும் சிவப்பு, கண்ணாடிக் குப்பி நீலம், ஊசி வெள்ளை.

5. தொடும் முன் பேசுங்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். பிள்ளைகள் அதிகம் தாண்டிப் போவதும் இதைத்தான். நேரே போய் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்குவார்கள். நோயாளி விறைப்பார், இவர்களும் விறைப்பார்கள்.

கட்டிலருகில் அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள்.

"அய்யா, நான் நர்சிங் படிக்கிற பொண்ணு. மதியம் வரைக்கும் உங்கள நான்தான் பாத்துக்கப் போறேன். எந்த ஊருங்க?"

"தலைஞாயிறு பக்கம் பாப்பா."

"ஆத்துல தண்ணி வந்துருச்சுங்களா?"

அவ்வளவுதான். மேட்டூர் திறந்து எத்தனை நாள் ஆயிற்று, கடைமடைக்கு ஏன் இன்னும் வரவில்லை, மோட்டார் வைத்திருக்கிறவன் பாடு என்ன என்று அவர் பத்து நிமிடம் பேசுவார். அதற்குள் உங்கள் கையில் இருந்த ஜில்லிப்பு போயிருக்கும். கவனம் உங்கள் மேலேயே இருக்கும்வரைதான் நடுக்கம். அது எதிரில் இருப்பவர் மேல் திரும்பியதும் தானாகக் குறையும்.

படிக்கிற பிள்ளை என்பதை மறைக்காதீர்கள். "வேற சிஸ்டர வரச் சொல்லும்மா" என்று ஒருவர் சொன்னால் "சரிங்கய்யா" என்று நகருங்கள். மறுப்பது அவர் உரிமை. பத்தில் ஒருவர் அப்படிச் சொன்னதற்காக மற்ற ஒன்பது பேரிடமும் போகாமல் இருந்துவிடக் கூடாது. ஆண் மாணவர்கள் பெண்கள் வார்டிலும் பிரசவப் பிரிவிலும் தனியாகப் போகாமல் ஸ்டாஃப் சிஸ்டரையோ உடன்படிக்கும் பெண்ணையோ வைத்துக்கொண்டு, கேட்டுவிட்டுத் தொடுங்கள். பாதி சங்கடம் அங்கேயே தீரும்.

ஒரு எச்சரிக்கை. "நீங்க மாரிமுத்துதானே?" என்று கேட்காதீர்கள். காது கேட்காதவரும் தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேரு சொல்லுங்கய்யா" என்று கேட்டு, கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். ஆள் மாறி மருந்து போய்விடுமோ என்ற பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

6. வைட்டல்ஸை முதல் மூன்று நாள் வேலையாக்குங்கள்

முதல் மூன்று நாள் எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்கும் நாடி, மூச்சு, சூடு, ரத்த அழுத்தம் பாருங்கள். யாருக்கும் வலிக்காது, தவறினால் திரும்பப் பார்க்கலாம். பயத்தோடு பழக இதைவிடப் பத்திரமான வேலை வார்டில் இல்லை.

நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கையை எடுக்காமலேயே அடுத்த நிமிடம் மூச்சை எண்ணுங்கள். மூச்சு எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். வார்டு முழுக்க எல்லோருக்கும் 20 என்று எழுதியிருக்கிற சார்ட்டைப் பார்த்தால், அன்று யாரும் எண்ணவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பிபி: சட்டைக் கை மேல் கஃப் (பிபி கருவியின் காற்றுப் பட்டை) கட்டாதீர்கள். முதலில் நாடியைத் தொட்டுக்கொண்டே ஏற்றி, துடிப்பு மறையும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றை இறக்கி ஒரு நிமிடம் விட்டு, அந்த இடத்துக்கு மேல் 30 ஏற்றி மெதுவாக இறக்கிக்கொண்டே ஸ்டெத்தில் கேளுங்கள். சத்தம் எங்கே வரும் என்று முன்பே தெரிந்தால் தேடிப் பதற வேண்டியதில்லை.

கேட்கவில்லையா? "கேக்கல மேடம், ஒருதடவ கூட வந்து பாருங்க" என்று சொல்லுங்கள். 120/80 என்று எழுதிவிடாதீர்கள். பொய் எண் எழுதிய பிள்ளைக்கு அன்று இரவு தூக்கம் வராது, எனக்கு அது தெரியும். அதைவிட முக்கியம், அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார்.

7. ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள்

மற்ற பயத்தில் இதயம் வேகமாக அடிக்கும், அழுத்தம் ஏறும். ரத்தம், ஊசி பார்த்து வரும் மயக்கத்தில் நேர்மாறாக, அழுத்தம் சட்டென்று இறங்கி மூளைக்கு ரத்தம் குறைகிறது. அதனால் மூச்சை நிதானமாக விட்டு உடம்பைத் தளர்த்தச் சொல்வது இங்கே உதவாது. உடம்பை இறுக்க வேண்டும்.

உட்கார்ந்துகொண்டு தொடை, பிட்டம், கைகள் எல்லாவற்றையும் ஒருசேர இறுக்கி 10 முதல் 15 வினாடி வைத்திருங்கள். முகம் சூடாவது தெரியும். விட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். இப்படி 5 முறை. ஒரு வாரம் ஹாஸ்டலில் பழகிவிட்டு, டிரஸ்ஸிங் நடக்கும்போது நின்றபடியே கால்களை இறுக்கிப் பாருங்கள். முதலில் சிறிய புண், அப்புறம் பெரியது, அப்புறம் ரத்தம் எடுப்பது என்று படிப்படியாகப் போங்கள்.

கண் இருட்டினால் கதவை நோக்கி ஓடாதீர்கள். பெரும்பாலும் வழியில்தான் விழுவார்கள், அதுவும் டிராலி மேல். இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்துங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படி விழுந்து எழுந்த பிள்ளைகள் இன்று ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறார்கள்.

8. முதல் ஊசி

மூன்று முறை பாருங்கள், இரண்டு முறை டிரே பிடித்து உதவுங்கள், அதன்பின் போடுங்கள். பார்க்காமல் போட முன்வருவது தைரியம் ஆகாது. பத்து முறை பார்த்துக்கொண்டே இருந்தாலும் பயம்தான் தடிக்கும்.

மருந்து ஏற்றும் முன் ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் ஐந்தையும் முணுமுணுத்துக்கொள்ளுங்கள். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

கட்டிலுக்குப் போகும் முன் ட்ரீட்மென்ட் ரூமிலேயே நின்று, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஐந்து முறை. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். வேகவேகமாக ஆழமாக இழுத்தால் விரல் நுனி மரத்து, பயம் இன்னும் கூடும்.

புஜத்தில் போடும்போது இடக்கை தசையைப் பிடித்திருக்க, வலக்கையின் சுண்டுவிரல் பக்கத்தை அவர் தோள் மேல் லேசாக ஊன்றிக்கொள்ளுங்கள். அந்தரத்தில் நிற்கும் கைதான் ஆடும், ஊன்றிய கை ஆடாது. 90 பாகையில் ஒரே வீச்சில் உள்ளே. பயந்து மெதுவாகக் குத்துவதுதான் நோயாளிக்கு அதிகம் வலிக்கும்.

எடுத்ததும் மூடியைத் திரும்பப் போடாதீர்கள், நேரே வெள்ளைத் தொட்டிக்கு. ஊசி குத்திக்கொள்கிற விபத்துகளில் நிறைய, மூடி போடும் அந்த நொடியில்தான் நடக்கின்றன. உடனே ஓடிவிடாமல் ஒரு நிமிடம் கட்டிலருகில் நில்லுங்கள். "போட்டாச்சா பாப்பா? தெரியவே இல்லையே" என்ற வார்த்தையை வாங்காமல் வராதீர்கள். அடுத்த ஊசிக்கு அதுதான் முதலீடு.

9. திட்டு வாங்கும்போது

வாங்குவீர்கள். அறுபது நோயாளிகளை இரண்டு பேர் பார்க்கிற வார்டில் குரல் உயரத்தான் செய்யும். சொன்ன விதத்தை ஒதுக்கிவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் எடுத்துத் திரும்பச் சொல்லுங்கள்: "சரிங்க சிஸ்டர், கேனுலாவ ஃபிளஷ் பண்ணிட்டுத்தான் மருந்து போடணும்." (கேனுலா என்பது ரத்தக் குழாயில் செருகியிருக்கும் சிறு குழாய், ஃபிளஷ் என்பது அதில் சலைன் ஏற்றிச் சுத்தம் செய்வது.) இப்படிச் சொன்னால் திட்டு பெரும்பாலும் அங்கேயே முடியும். "தெரியாது, படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்பதும் முழுமையான பதில்தான், மறுநாள் உண்மையிலேயே சொன்னால்.

அழுகை வந்தால் முகம் கழுவிவிட்டு ஐந்து நிமிடத்தில் வார்டுக்குத் திரும்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய்விட்டால் மறுநாள் வருவது இரண்டு மடங்கு கடினம்.

எல்லாவற்றையும் பொறுக்கச் சொல்லவில்லை. சாதியை, ஊரை, உடம்பைச் சொல்லி இழிவுபடுத்தினால், தொடக் கூடாத இடத்தில் தொட்டால், தேதியும் நேரமும் எழுதி வைத்துக்கொண்டு போஸ்டிங்கைக் கவனிக்கும் கோஆர்டினேட்டரிடமோ கல்லூரியின் உள் புகார்க் குழுவிடமோ போங்கள். சீனியர்களின் ராகிங் என்றால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் உண்டு.

10. தவறு நடந்துவிட்டால்

நான் இரண்டாம் ஆண்டில் ஒரு தாத்தாவுக்கு டிரிப் போட்டேன். நிமிடத்துக்கு 42 சொட்டு, கணக்கு சரி. ஆனால் மாட்டியது மைக்ரோ செட். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருந்தது. யாரிடமும் சொல்லாமல், சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலரை முழுசாகத் திறந்துவிட்டேன். தாத்தா இருமத் தொடங்கியபோதுதான் சிஸ்டரிடம் ஓடினேன். அவர் டிரிப்பை நிறுத்தி, தலைமாட்டை உயர்த்தி, டாக்டரைக் கூப்பிட்டார். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டர் செட் மாறியதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மறைச்சியே, அதுக்குத்தான்டி உன்னை அறையணும்" என்றார்.

அதனால் வரிசை இது: நிறுத்துங்கள், நோயாளியைப் பாருங்கள், உடனே சொல்லுங்கள், நடந்ததை எழுதுங்கள். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள்.

ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்போதே தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. டியூட்டி முடியட்டும் என்று காத்திருப்பது இங்கே ஆபத்து.

11. கேஷுவால்டி போஸ்டிங்

கேஷுவால்டி என்கிற அவசர சிகிச்சைப் பிரிவு, நம் பகுதியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயல் வேலை மும்முரமாக இருக்கும் மாதங்களில் பாம்புக்கடி வரும். பூச்சிமருந்து குடித்தவர்களும் வருவார்கள், பல நேரம் உங்கள் வயதிலேயே. அந்த வாடையை வீட்டுக்குப் போன பிறகும் மூக்கு விடாது.

அங்கே எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு சிறு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாம்புக்கடியில் கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைந்ததா என்று பார்ப்பார்கள். அந்த 20 நிமிடத்தைப் பார்த்துச் சொல்கிற வேலை மாணவர் செய்யக்கூடியது. ஒரு வேலை கையில் இருந்தால் கண் அலைபாயாது.

பூச்சிமருந்து குடித்தவரிடம் "ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்காதீர்கள். யாராவது இறந்துபோனால், அன்றைக்கே உடன் இருந்த ஒருவரிடமாவது அதைப் பற்றிப் பேசுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், பெயர் இல்லாமலும் கூடாது.

12. திரும்பி வந்த பிறகு

கேஸ் புக்கை அன்றன்றே எழுதுங்கள். போஸ்டிங் முடிகிற வாரத்தில் வரும் பதற்றத்தில் பெரும்பகுதி நோயாளியைப் பற்றியது கிடையாது, எழுதாமல் விட்ட கேர் பிளானை (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை)ப் பற்றியது. அதோடு நோட்டில் மூன்று வரி: இன்று புதிதாகச் செய்தது, திணறியது, நாளை கேட்க வேண்டியது. இரண்டு வாரம் கழித்து முதல் பக்கத்தைப் படித்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

13. இது சாதாரணப் பயத்தைத் தாண்டிவிட்டதா?

முதல் வாரத்தில் தூக்கம் குறைவது, வயிறு கலக்குவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், டியூட்டி நாள்களில் காலையில் வாந்தி வந்தால், பொய்க் காரணம் சொல்லி லீவு போடத் தொடங்கினால், செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க விரும்பினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போஸ்டிங் போகிற இடத்திலேயே காட்டக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள்.

மெடிக்கலில் தெரிந்த அண்ணனிடம் பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகளான புரோப்ரனலால், அல்பிரஸோலாம் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்தின் பெயர் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஆசை வரும். முதலாவது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சை அடைக்கும். இரண்டாவது பழக்கமாகிவிடும், டியூட்டியில் தூக்கமும் வரும்.

சிகிச்சைக்கு நாள் தேவைப்பட்டால் கோஆர்டினேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விட்டுப்போன கிளினிக்கல் மணி நேரத்தை விடுமுறையில் ஈடுசெய்ய வழி பண்ணித் தருவார்கள். சொல்லாமல் நின்றுவிட்டால்தான் வருகைக் கணக்கில் சிக்கல் வரும்.